இருபது நிமிஷத்துல மாவாப்போன கேம்ஷாஃப்ட்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல பத்தே காலுக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணேன், பத்து நாப்பதுக்கு ஆஃப் பண்ணேன், அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள புத்தம்புது கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வைத் திறந்து மூட வைக்கிற தண்டு) ஒண்ணு தேஞ்சு மாவாகி என் எஞ்சின் பூரா ஆயிலோட ஆயிலா ஓடி முடிச்சிருச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. இன்னும் அந்த கராஜ் கதவைத் திறந்தாலே வயிறு எரியுது. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்னு எழுதுறேன்.

வண்டி என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே. கலிஃபோர்னியாவுல இருக்கேன், பழைய காரை வேகத்துக்காக மாத்திக் கட்டுற ஹாட் ராட் பிறந்த ஊரே இதுதான், இங்க வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஃபெண்டர் இல்லாத ஒரு பழைய கூபே என்னைத் தாண்டிப் போன சத்தத்துல விழுந்தவன், இன்னும் எந்திரிக்கல. ஆறு வருஷமா கட்டிக்கிட்டிருக்கேன். ஃபிரேம் 1932 ஃபோர்டு மாதிரி, எஞ்சின் 1970-ல வந்த ஒரு பிக்கப்புல இருந்து கழட்டின செவி (செவர்லே) 350, மன்சி நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ், பின்னாடி ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்ஸில். ரோட்டுலயும் ஓட்டுவேன், கடைக்கும் போவேன், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஸ்லிக்ஸ் (வழுவழு ரேஸ் டயர்) மாட்டி ஸ்டிரிப்புல, அதாவது டிராக் ரேஸ் ஓட்டுற நேர் பாதையில, கால் மைல் ஓட்டுவேன். 12.8 செகண்ட். எனக்கு அது போதும், நான் யாரையும் ஜெயிக்கப் போகல, என் கையால கட்டின வண்டி அந்த 1320 அடியும் ஒழுங்கா ஓடி முடிக்கணும், அவ்வளவுதான்.

பழைய கேம் நல்லாத்தான் இருந்துச்சு. வால்வ் இன்னும் கொஞ்சம் அதிகமா திறக்கட்டும், பெரிய லிஃப்ட் வேணும்னு ஆசைப்பட்டு புது கேம், பதினாறு லிஃப்டர், ஸ்ப்ரிங் எல்லாம் சேத்து கிட்டா வாங்கினேன். ஃபிளாட் டேப்பட் கேம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், கேம்ல இருக்குற முட்டை வடிவ மேடுதான் லோப், அது மேல உக்காந்து வால்வைத் திறக்கத் தள்ளுற துண்டுதான் லிஃப்டர். பேருதான் ஃபிளாட், அந்த லிஃப்டரோட அடிப்பக்கம் உண்மையிலேயே தட்டையா இருக்காது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நடுவுல லேசா உப்பலா இருக்கும், கேமோட லோப்பும் ஒரு பக்கம் ஒரு இம்மி சரிவா இருக்கும், இந்த ரெண்டும் சேந்து உரசும்போது லிஃப்டர் மேல கீழ போறதோட தன்னைத்தானே சுத்திக்கிட்டும் இருக்கும். அந்த சுத்துதான் உயிர். சுத்தலைன்னா ஒரே இடத்துல தேயும், தேய ஆரம்பிச்சா சில நிமிஷம்தான் கணக்கு. அதனாலதான் புது கேமுக்கு பிரேக்-இன்னு ஒரு சடங்கு, முதல் இருபது முப்பது நிமிஷம் ஐட்லிங்கே விடாம 2000-க்கு மேல ஆர்பிஎம்ல ஓட்டணும், ஏன்னா லோப் மேல ஆயில் விழறது பெரும்பாலும் கிராங்க் சுத்தி தெறிக்கிற தெறிப்புலதான்.

அந்த சடங்குல ஒரு எழுத்து கூட நான் விடல. லோப் ஒவ்வொண்ணுலயும் லிஃப்டர் அடியிலயும் கிட்டோட வந்த அதே பேஸ்ட்டைத் தடவினேன், தேய்மானத்தைத் தடுக்குற ஜிங்க் அதிகமா இருக்குற பிரேக்-இன் ஆயில் ஊத்தினேன், டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துட்டு டிரில் மிஷினால ஆயில் பம்ப்பைச் சுத்தி பதினாறு ராக்கர்லயும் (வால்வை அமுக்குற கை) ஆயில் வர்ற வரைக்கும் பாத்தேன், உள் ஸ்ப்ரிங் எல்லாத்தையும் கழட்டி வெளி ஸ்ப்ரிங்கை மட்டும் விட்டேன் லோடு கம்மியா இருக்கட்டும்னு, முதல் சுத்துலயே ஃபயர் ஆகணும்னு டைமிங் முன்னாடியே வச்சு கார்புரேட்டர் பௌல்ல பெட்ரோலை ரொப்பி வச்சேன், ரேடியேட்டருக்கு முன்னாடி பெரிய ஃபேன், பக்கத்துல தண்ணி ஹோஸ், என் மனைவி சீட்ல உக்காந்து டெம்பரேச்சர் மீட்டரையும் ஆயில் பிரஷரையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தமா படிச்சுக்கிட்டே இருந்தா. சாவியைத் திருப்பின அரை செகண்ட்ல பிடிச்சுது. 2000-ல இருந்து 2500 வரைக்கும் ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி ஓட்டினேன்.

பதினெட்டாவது நிமிஷம் ஒரு டிக். டிக், டிக், டிக். என் மனைவிக்கே கேட்டுருச்சு, அவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. முழுசா முடிச்சிரலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினேன், அது குறையல, ஆஃப் பண்ணி வால்வ் கவரைக் கழட்டி கிராங்க்கைக் கையால சுத்திப் பாத்தா ஆறாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் ராக்கர் மத்ததுல பாதி கூட எழும்பல. லோப் போயிருச்சு. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பாத்தேன், விபூதியில வெள்ளித்தூளைக் கலந்த மாதிரி மின்னுது. அந்த தூள் எங்கெல்லாம் போயிருக்கும்னு எஞ்சின் கட்டினவனுக்குத் தெரியும். மெயின் பேரிங், ராட் பேரிங், ஆயில் பம்ப், பிஸ்டன் ஸ்கர்ட், எல்லா இடத்துக்கும் போயிருக்கும். ஒரு லிஃப்டருக்காக முழு எஞ்சினையும் இறக்கி, பிரிச்சு, பிளாக்கோட ஆயில் கேலரி பிளக் எல்லாத்தையும் கழட்டி பிரஷ் விட்டுக் கழுவணும். கேம் கிட் விலை முந்நூறு டாலர் சொச்சம். அது பண்ணின நாசத்தோட விலையை இன்னும் நான் கூட்டிப் பாக்கல, கூட்ட மனசு வரல.

சரி, தப்பு நடக்கும், மெட்டல்தானே, ஒண்ணு ரெண்டு மோசமா வரும், ஒத்துக்கிறேன். என் கோவமே அதுக்கு அப்புறம் நடந்ததுலதான். வித்த கம்பெனிக்கு ஃபோன் போட்டேன், நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டேன், எடுத்தவர் முதல் கேள்வியே "என்ன ஆயில் ஊத்துனீங்க?" சொன்னேன். "ஸ்ப்ரிங்?" சொன்னேன். "ஐட்லிங்ல விட்டீங்களா?" இல்லைங்கன்னேன். "அப்ப பிரேக்-இன் சரியா பண்ணலைன்னுதான் அர்த்தம், அதுக்கு வாரன்ட்டி வராது." எப்படிங்க? எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னவன்கிட்ட, வண்டியையே பாக்காம, லிஃப்டரை அனுப்புங்கன்னு கூட ஒரு வார்த்தை கேக்காம, தப்பு உன் மேலன்னு எந்த வாயால சொல்ல முடியுது? ஃபோட்டோ அனுப்பினேன், வீடியோ அனுப்பினேன், ரெண்டு வரில அதே பதில்.

ஜிங்க் கதையை எனக்கே பாடமா எடுக்குறாங்க. அந்தக் கதை எனக்குத் தெரியும்ங்க. 2004-ல ஏ.பி.ஐ. எஸ்.எம்.ங்கற எஞ்சின் ஆயில் தரவிதி வந்தப்போ 5W-30 மாதிரி கிரேடுகள்ல பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேல விடக்கூடாதுன்னு கட்டுனாங்க, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகுதுன்னு. பாஸ்பரஸ் குறைஞ்சா அதோட சேந்து வர்ற ஜிங்க்கும் குறையும், அடியில உருளை இருக்குற ரோலர் லிஃப்டர் வச்ச புது வண்டிக்கு அது பிரச்சனையே இல்ல, எங்களை மாதிரி ஆளுக்குத்தான் அடி. அதனாலதான் காசு கொடுத்து தனி ஆயில் வாங்கி ஊத்துறோம். அதையும் ஊத்தின பிறகும் லோப் போகுதுன்னா ஆயிலைத் தாண்டி யோசிக்க வேணாமா?

யோசிச்சேன். செத்த லிஃப்டரையும், கழட்டி வச்சிருந்த என் பழைய லிஃப்டர் ஒண்ணையும் எடுத்துக்கிட்டு எங்க ஏரியா மெஷின் ஷாப் பெரியவர்கிட்ட போனேன். எழுபதைத் தாண்டினவர், செவி 350 எத்தனை பிரிச்சிருக்கார்னு அவருக்கே கணக்கு கிடையாது. ஒண்ணும் பேசல. டிராயர்ல இருந்து ஒரு அரம் எடுத்தார். பழைய லிஃப்டர் அடியில வச்சு இழுத்தார், கண்ணாடி மேல வழுக்குற மாதிரி வழுக்கிட்டுப் போச்சு, ஒரு கோடு விழல. புதுசுல வச்சு இழுத்தார். கடிச்சுது. நல்லா கடிச்சு பளபளன்னு கோடு போட்டுச்சு. அம்பது வருஷத்துக்கு முந்தி வார்த்த இரும்பு அரத்தைத் தோக்கடிக்குது, போன மாசம் டப்பாவுல வந்தது அரத்துக்கே தோத்துப்போகுது. எந்த ஆயில் வந்து இதைக் காப்பாத்தும்? இந்த வருஷம் மட்டும் இதே மாதிரி ஒன்பது எஞ்சின் தன்கிட்ட வந்துச்சுன்னு சொல்லிட்டு அரத்தைத் திரும்ப டிராயர்ல போட்டார். ஒன்பது பேருக்கும் பிரேக்-இன் தெரியலையாம், அப்படித்தான் எல்லாருக்கும் பதில் வந்திருக்காம்.

கேம் மட்டும்னா கூட பரவால்ல. மாடல் ஏ-ல எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இடமே கிடையாது, அதனால 1968 வரைக்கும் கார்ல வந்த ஷார்ட் வாட்டர் பம்ப்தான் போடணும், 1969-ல இருந்து வந்த லாங் பம்ப் போட்டா ஃபேன் ரேடியேட்டரைத் தின்னுடும். டப்பாவுல பெருசா ஷார்ட்னு போட்டிருக்கு, பிரிச்சா உள்ள லாங். மாத்தி அனுப்புனாங்க, அதுலயும் ஷாஃப்ட் ஆட்டம். பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால் இருக்கு, அதைத் தாங்கும்னு எழுதி வித்த ஹோஸ் ரெண்டு வருஷத்துல வெடிச்சு சூடான எக்ஸாஸ்ட் குழாய், அந்த ஹெடர் பக்கத்துல சொட்டுது, ஒரு நாள் நெருப்பு பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? இக்னிஷன் பாயின்ட்ஸ் வாங்கினா அந்த ரப்பிங் பிளாக் ஆயிரம் மைல் தாங்கல. கண்டென்சரைப் பத்திப் பேசவே வேணாம், பழைய கடைகள்ல தூசி படிஞ்சு கிடக்குற அந்தக் காலத்துக் கண்டென்சரைத் தேடித்தேடி வாங்கி வச்சிருக்கேன், தங்கம் மாதிரி. பிராக்கெட் வாங்கினா "அப்படியே போல்ட் போட்டா போதும்"னு போட்டிருப்பான், ரெண்டு ஓட்டையைத் திருவி, ஒரு வாஷர் வச்சு, ஒரு மூலையை கிரைண்டர்ல அறுத்தாத்தான் உக்காரும்.

எங்கப்பா கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வச்சிருந்தார். மோட்டார் பம்ப்புக்கு ஒரு புஷ் கடைஞ்சு கொடுத்தா கூட ஷாஃப்ட்டைக் கொண்டாரச் சொல்லி, போட்டுப் பாத்து, விரலால சுத்திப் பாத்துத்தான் காசு வாங்குவார். ஒரு தடவை ஒருத்தருக்குப் புஷ் பத்து நாள்ல போயிருச்சு, அவர் தண்ணியில மணல் வருதுன்னு அவரே ஒத்துக்கிட்டார், அப்பயும் எங்கப்பா அந்தப் பழைய புஷ்ஷை வாங்கிக் கையில வச்சு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். பொருள் ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்ங்கற ஆசைங்க அது. இங்க எனக்குப் பதில் சொன்ன ஆளுக்கு அந்த ஆசை துளி கூட இல்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு, வாயைத் திறந்தா "எல்.எஸ். போட்டுடு பாஸ்", "ரோலருக்கு மாறிடு". எல்.எஸ்.ங்கறது செவியோட புதுத் தலைமுறை V8, நல்ல எஞ்சின், மறுக்கல. ஆனா 1931 கூபேல பானெட் சைடு இல்லாம நிக்கிற எஞ்சினைப் பாக்கத்தானே இத்தனை பாடு, அதுல பிளாஸ்டிக் கவரும் ஒயரிங்குமா ஒண்ணைக் கொண்டு வந்து வைக்கணுமா? ரோலர்னா, செவி 350-க்கு கம்பெனியே ரோலர் கொடுத்தது 1987-லதான், என் பிளாக் 1970. அதுக்கு தனி லிஃப்டர், நீளம் கம்மியான புஷ்ராட், கேம் முன்னாடி நகராம இருக்க பட்டன், ஸ்டீல் கேம்னா டிஸ்ட்ரிபியூட்டர் கியரையே மாத்தணும், எல்லாம் சேந்து ஆயிரம் டாலருக்கு மேல. வசதி இருக்குறவங்க போடட்டும். 1955-ல ஸ்மால் பிளாக் (இந்த 350-யோட குடும்பம்) வந்த நாள்ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான வண்டி ஃபிளாட் டேப்பட்லதான் மளிகைக்கடைக்குப் போச்சு, லட்சம் மைல் ஓடுச்சு. செய்யத் தெரிஞ்ச ஒரு பொருளை இப்போ ஒழுங்கா செய்ய மாட்டேங்குறதுக்கு நான் ஏன் ஆயிரம் டாலர் அபராதம் கட்டணும்?

போன ரேஸ் நாளும் திரும்பாது. எனக்குப் பக்கத்துல இருந்த அர்வின்டேல் ஸ்டிரிப்பை 2024 கடைசில மூடிட்டாங்க, எட்டுல ஒரு மைல்தான் அது, ஆனா வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிச்சுட்டு அப்படியே போய் ஓட்டிட்டு வருவோம். லயன்ஸ் ஸ்டிரிப் 1972-லயே போச்சு, ஆரஞ்ச் கவுன்ட்டி ஸ்டிரிப் 1983-ல போச்சு, 1950-ல சான்டா ஆனா ஏர்போர்ட்ல காசு வாங்கி டிராக் ரேஸ் நடத்த ஆரம்பிச்ச ஊருக்குப் பக்கத்துல இப்போ வண்டி ஓட்ட இடம் தேடுறோம். இப்போ நான் போறது பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி ஃபமோசோ ஸ்டிரிப். 1959-ல இருந்து மார்ச் மீட்டுங்கற டிராக் ரேஸ் நடக்குற மண்ணு அது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவ், மலை ஏறி இறங்கணும். லீவு போட்டு, பணம் கட்டி, அக்காவோட பையனுக்கு முதல் தடவை காட்டுறேன்னு சொல்லி வச்சிருந்தேன். பதினேழு வயசுப் பையன், ஹெல்மெட் கூட புதுசா வாங்கிட்டான். அவனுக்கு ஃபோன் பண்ணி எஞ்சின் போச்சுடான்னு சொன்னப்போ "பரவால்ல மாமா"ன்னான். அந்தப் பரவால்லதான் இன்னும் குத்துது.

ஸ்டிரிப்புக்குப் போனா எங்களை எப்படி செக் பண்றாங்க தெரியுமா? கால் மைலை 13.99 செகண்டுக்குள்ள ஓட்டினா ஹெல்மெட், ஸ்லிக்ஸ் போட்டா டிரைவ்ஷாஃப்ட் லூப் (தண்டு உடைஞ்சா கீழ விழாம பிடிக்கிற வளையம்), 11.49-க்கு வந்துட்டா ரோல் பார் (வண்டி கவுந்தா காப்பாத்துற கம்பி). குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. முழுக்க நியாயம், ஒரு தடவை கூட நான் முணுமுணுத்தது இல்ல. 1951-ல என்.எச்.ஆர்.ஏ.ங்கற டிராக் ரேஸ் சங்கம் ஆரம்பிச்சதே தெருவுல ஓட்டிச் சாகுற பசங்களை ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டு வரத்தான். என் வண்டியில ஒரு போல்ட் சரியில்லைன்னா என்னைத் திருப்பி அனுப்புறாங்க. அந்த லிஃப்டரை டப்பாவுல போடுறதுக்கு முன்னாடி அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுக்க ஒரு ஆள் கிடையாதா? ஒரு நூறுல ஒண்ணையாவது?

எஞ்சின் இப்போ ஸ்டாண்டுல இருக்கு, பிளாக்கை மூணு தடவை கழுவிட்டேன், பேரிங் எல்லாம் குப்பையில. வேற ஒரு கடையில இருந்து, கேட்ட விலை கொடுத்து, வேற கேமும் வேற பதினாறு லிஃப்டரும் வரவழைச்சேன். பெரியவர் சொல்லிக் கொடுத்த மாதிரி நேத்து ராத்திரி கிச்சன் மேஜையில துணி விரிச்சு ரெண்டு ரெண்டா எடுத்து அடியோட அடி சேத்து வச்சுப் பாத்தேன், உப்பல் இருந்தா லேசா ஆடணும். முதல் ஜோடி ஆடுச்சு. ரெண்டாவது ஆடுச்சு. அஞ்சாவதுல சந்தேகம் வந்து, ஆடுற லிஃப்டர் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு மீதி ஒவ்வொண்ணையும் அது மேல வச்சுப் பாத்து, ஸ்கேலையும் குறுக்க வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சேன். மூணு லிஃப்டர் பலகை மாதிரி தட்டை. பதினாறுல மூணு. அதுல மார்க்கர்ல நம்பர் போட்டு தனி டப்பாவுல வச்சிருக்கேன், காலைல எட்டு மணிக்கு அந்தக் கடை ஃபோன் லைன் திறக்கும்.