நாலில் சனி இருந்தால் தாய்க்கு ஆகாதா?

பச்சைக் குழந்தையின் ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பெற்றவளின் முகத்துக்கு நேரே "நாலில் சனி, தாய்க்கு ஆகாது" என்று சொல்லும் ஜோதிடர் யாராக இருந்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரும். ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவன் என்பதால்தான் வருகிறது.

என் ஜாதகம் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1158, அதாவது 1983, என்று தொடங்குகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது. பழைய குறிப்புகளில் கொல்லம் ஆண்டுதான் முதலில் நிற்கும். கடக லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசி; வீடுகளை அதிலிருந்துதான் எண்ணுவார்கள்), ரோகிணி நட்சத்திரம். தாயைக் குறிக்கும் நாலாம் வீடான துலாத்தில் 'ம' என்று ஒற்றை எழுத்து. மந்தன், அதாவது சனி. அந்த ஓர் எழுத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியத்தை என் அம்மா இன்றுவரை சுமக்கிறார். சனிக்கிழமை விரதம், காக்கைக்கு எள் கலந்த சோறு, சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்ச் சாத்து. இவையெல்லாம் பக்தி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது, தனக்குக் காய்ச்சல் வந்தால் அதை என்னிடம் மறைப்பார். தன் ஜாதகத்தால்தான் அம்மா படுத்துவிட்டாள் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். போர்வையை மடித்து ஒளித்துவிட்டு, நடுங்கும் கையோடு எனக்குத் தோசை சுட்டுத் தந்த தாயை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஜோதிடர் பார்க்காமல் விட்டவை என்னென்ன? துலாம் சனிக்கு உச்ச வீடு, அதாவது அதிக பலம் பெறும் இடம். உச்சம் பெற்ற சனி லக்னத்துக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் வீடுகளில்) நின்றால் சச யோகம். பஞ்ச மகாபுருஷ யோகங்கள் என்ற ஐந்து உயர்ந்த யோகங்களில் அது ஒன்று. தாயைக் குறிக்கும் கிரகம் சந்திரன். கடக லக்னத்துக்கு லக்னாதிபதியும் அவனே. என் ஜாதகத்தில் அவன் ரிஷபத்தில் உச்சம். போதாததற்கு, ஐந்தாம் வீடான விருச்சிகத்திலிருந்து குரு ஏழாம் பார்வையாகச் சந்திரனையும் ஒன்பதாம் பார்வையாக லக்னத்தையும் பார்க்கிறார். இத்தனையையும் விட்டுவிட்டுச் சனியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பலன் சொல்வதாகுமா? அம்மா எழுபதைத் தாண்டிவிட்டார், தக்கலைச் சந்தைக்கு இன்றும் தனியாகத்தான் போய் வருகிறார்.

இன்னொன்று. 1983 முழுக்கச் சனி துலாத்தில்தான் இருந்தது. ஒரு ராசியைக் கடக்க அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும். அப்படியானால் என்னோடு அந்த ஆண்டில் பிறந்த எல்லோருக்குமே உச்ச சனி! லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். அதே சனி ரிஷப லக்னக்காரருக்கு நன்மை தரும் யோகாதிபதியாகி, பலம் குறையும் ஆறாம் வீட்டில் மறைகிறது, மகர லக்னக்காரருக்குத் தொழில் வீடான பத்தில் உட்கார்கிறது. எந்த வீட்டுக்கு அதிபதி, எங்கே நிற்கிறது, யார் பார்வை படுகிறது, எப்போது அதன் தசை (அந்தக் கிரகம் பலன் தரும் காலம்) வருகிறது என்று பார்க்காமல் ஒரு கிரகத்தை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. ராசியை மட்டும் வைத்துச் சொல்லப்படும் பெயர்ச்சிப் பலன்களை நான் படிப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பெயர்ச்சித் தேதியிலேயே பஞ்சாங்கங்கள் ஒத்துப்போவதில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 என்றது. இடைப்பட்ட நாட்களில் மகர ராசிக்காரர் ஏழரை முடிந்தவரா, முடியாதவரா?

சனி எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. நாலாம் வீடு மனையையும் குறிக்கும். எங்கள் வீட்டு வேலை அஸ்திவாரத்தோடு பல காலம் நின்றது, கம்பி துருப்பிடித்தது, கொத்தனார் மாறினார். குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்தவர்கள், கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழித்துத்தான் பால் வெட்டக் கத்தி எடுப்பார்கள். சனி கொடுக்கும் விதமும் அதுதான். தாமதித்தார், ஆனால் கொடுத்தார். இன்று அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

எனக்கு இப்போது குரு தசை நடக்கிறது. அடுத்து வருவது சனி தசை, 19 ஆண்டுகள். கடக லக்னத்துக்கு அவர், கஷ்டங்களைக் குறிக்கும் எட்டாம் வீட்டின் அதிபதியும்கூட என்பதை நான் மறக்கவில்லை. அதற்குள் வீட்டுக் கடனை அடைத்துவிட வேண்டும் என்று மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வருகிறேன்.