டிக் கிரேசன் கதையில் ஓட்டை இல்லை
டிசி காமிக்ஸில் பேட்மேனிடம் வளர்ந்து நைட்விங் என்ற முகமூடி வீரர் ஆனவர் டிக் கிரேசன். 'முகம் ஊருக்கே தெரிந்த நைட்விங் எப்படி ரகசிய உளவாளி ஆக முடியும், இது கதையின் பெரிய ஓட்டை' என்று ஒரு கட்டுரை வைக்கும் வாதத்தை ஏற்க முடியவில்லை. 'ஃபாரெவர் ஈவில்' கதையில் கிரைம் சிண்டிகேட் என்ற வில்லன் கூட்டம் அவர் முகமூடியைக் கழற்றி, டிக் கிரேசன் என்று உலகத்துக்கே காட்டியது உண்மைதான். ஆனால் அவர் செத்துவிட்டதாக எல்லோரையும் நம்பவைத்த பிறகே பேட்மேன் அவரை ஸ்பைரல் என்ற உளவு அமைப்புக்குள் அனுப்புகிறார். இறந்தவனை யார் தேடுவார்கள்? மிச்சத்தை 2014-இல் தொடங்கிய 'கிரேசன்' தொடரில் வரும் ஹிப்னோஸ் கருவி பார்த்துக்கொள்கிறது. அது இருந்தால் எதிரே நிற்பவருக்கு முகம் மனதில் பதியவே பதியாது. ஸ்பைரல் தலைவர் மினோஸின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓவியர் மிக்கேல் ஹானின் வெறும் சுழலைத்தான் வரைந்திருப்பார். ஸ்பைரலின் தளமான செயிண்ட் ஹேட்ரியன் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் என்ற வேடமும் கச்சிதம்: சர்க்கஸில் பிறந்து வளர்ந்தவருக்கு அதில் நடிக்கவே வேண்டாம். கதையில் பலவீனத்தைத் தேடினால், அது தகவல் தொடர்பில் இருக்கிறது. டிக் பேசுவது பேட்மேன் ஒருவரோடுதான். 'எண்ட்கேம்' என்ற பேட்மேன் கதையின் முடிவில் பேட்மேனான புரூஸ் வெய்ன் நினைவை இழந்ததும் அந்த ஒரே இழையும் அறுந்துபோகிறது. அனுப்பியவருக்கே அனுப்பியது ஞாபகமில்லை. கட்டுரை இதைத்தான் எடுத்துப் பேசியிருக்க வேண்டும்.