எந்தச் சான்றிதழைச் சொல்கிறீர்கள்?
துறைமுகத்தில் சான்றிதழ் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பருப்பை உள்ளே விடுகிறார்கள், பயம் வேண்டாம் என்கிறது இறக்குமதிப் பருப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, எந்தச் சான்றிதழ்? ஏற்றுமதி நாடு தரும் தாவர நலச் சான்றிதழ் பயிரைத் தாக்கும் பூச்சி, நோய் பற்றியதுதான். பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு, பூச்சிகளின் கழிவில் இருக்கும் யூரிக் அமிலம் இவற்றுக்கெல்லாம் வரம்பு வைப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம். யூரிக் அமிலம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வண்டு குடியிருந்த தானியத்தை எவ்வளவு புடைத்து எடுத்தாலும் அந்த அமிலம் காட்டிக்கொடுத்துவிடும். இறக்குமதிப் பருப்பில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கவனிக்கச் சொல்லி 2018-இல் உத்தரவு போட்டதும் இந்த ஆணையம்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் களிக்கும் இட்லிக்கும் பர்மா உளுந்தும் வருகிறது. அப்புறம் சில்லறைக் கடையில் அதைக் கோவில்பட்டி உளுந்தோடு கலந்தால் யாருக்குத் தெரியும்? (விலை மட்டும் கோவில்பட்டி விலை!) பொட்டலமென்றால் எந்த நாடு என்று அச்சடித்திருக்க வேண்டும். சாக்கைப் பிரித்து அளக்கும் கடையில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.