நான் இங்கேதான் படுத்திருக்கிறேன்

காய்ச்சலோடு நாலு நாள் வார்டில் கிடந்தேன். ஊசிகூட அவ்வளவு வலிக்கவில்லை. என் தலைக்கு மேலேயே நர்ஸ், துணைக்கு இருந்த என் அக்காவிடம் பேசியதுதான் தாங்கவில்லை. "பேஷண்ட் தூங்கினாரா? மோஷன் போனாரா?" போனவன் நான்தானே, என்னைக் கேட்டால் என்ன?

கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கும்போது மட்டும் என்னிடம் கேள்வி மேல் கேள்வி. அளக்கும் நேரத்தில் பேசினால் அளவு கூடக் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? "எவ்வளவு சிஸ்டர்?" என்றால் "நார்மல்தான்." 120-க்கு 80 என்று சொன்னால் மயங்கியா விழுந்துவிடுவேன்?

வலி எவ்வளவு, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்பார். யோசித்து ஆறு என்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

சரி, வேலைப்பளு இருக்கிறது, ஒருவரே பல கட்டில்களைப் பார்க்கிறார். ஆனால் மூன்றாம் நாள் இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர், ட்ரிப்ஸ் மாற்றியதும் "கை கொஞ்சம் சில்லென்று இருக்கும் சார், பயப்படாதீங்க" என்றார். அதைச் சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்குமா? அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் பழைய நர்ஸ் வந்தார். நேரே அக்காவிடம்: "பேஷண்ட் தூங்கினாரா?"