கரியமில வாயு கூடினால் வயல் மண்ணில் கார்பன் சேருமா?

‘காற்றில் கரியமில வாயு கூடக் கூடப் பயிர் செழிக்கும், கூடுதல் கார்பனை வயல் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், கவலை வேண்டாம்’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதிதான் தவறு.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை, சோயா போன்றவை இதனால் கூடுதலாக வளர்கின்றன. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும், வறட்சிக் காலம் தவிர, பெரிய லாபம் இல்லை.

சரி, கூடுதலாக வளர்ந்தது எங்கே போகிறது? பெரும்பங்கு அறுவடையோடு வயலை விட்டே போய்விடுகிறது. மிஞ்சுவது வேரும், அறுத்தபின் நிற்கும் தண்டான தாளும்தான்.

வேரடியில் நடப்பதுதான் சுவாரசியம். வாயு கூடும்போது வேர்கள் சர்க்கரை போன்ற பொருள்களை அதிகம் கசியவிடுகின்றன. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தேவை. அதற்காக மண்ணில் நெடுங்காலமாகக் கிடக்கும் பழைய மட்கையும், அதாவது கார்பன் நிறைந்த மக்கிய பொருளையும், சிதைக்கின்றன. அந்தக் கார்பன் மறுபடி காற்றுக்கே போகிறது. புது வரவு ஒரு பக்கம், பழைய இருப்பு கரைவது மறுபக்கம்.

108 பரிசோதனைகளைத் தொகுத்து 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: செடியின் வளர்ச்சி வெகுவாகக் கூடிய இடங்களில் மண் கார்பன் குறையவே செய்தது. புல்வெளிகளில் மட்டும் ஓரளவு கூடியது. அந்தப் பதிவு சொல்வதோ ஆண்டுதோறும் உழுது அறுக்கும் வயலைப் பற்றி!

தொழுவுரம், மூடுபயிர், தாளை எரிக்காமல் விடுவது ஆகியவை வயலில் கார்பனைக் கூட்ட உதவும். அவை உழவர் செய்யும் வேலை, வாயு தானாகச் செய்வதில்லை.