தோல் என்று எழுதும் முன் எந்தச் சவ்வு என்று பாருங்கள்

மருந்து எவ்வளவு கடக்கிறது என்று டயாலிசிஸ் சவ்வில் ஓட்டிய சோதனைக்கு 'தோல் ஊடுருவல் ஆய்வு' என்று தலைப்புப் போடும் வழக்கம் நம் பார்மசி கல்லூரிகளில் நிற்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் எம்.பார்ம் ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கும், வலித்தைலமும் களிம்பும் சிறிய அளவில் தயாரிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். செயற்கைச் சவ்வு அருமையான கருவி. அதனால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டு, வந்த எண்ணைத் தோலின் பேரில் எழுதுவதுதான் தவறு.

தோலின் தடையில் பெரும்பகுதி மேலே 10 முதல் 20 மைக்ரான் தடிமனுள்ள ஒரே படலத்தில் இருக்கிறது. இறந்த செல்கள், அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். நம்மூர்ப் பெரிய வீட்டுச் சுவரில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருப்பதுபோல. மருந்து பெரும்பாலும் செங்கல்லைத் துளைப்பதில்லை, காரை வழியாகவே வளைந்து வளைந்து போகிறது. ஆகவே முதலில் அந்தக் கொழுப்பில் அது கரைந்தாக வேண்டும்.

டயாலிசிஸ் சவ்வில் இந்தக் கொழுப்பே கிடையாது. அது 12,000 - 14,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை விடும் ஓட்டைகள் கொண்ட செல்லுலோஸ். கஃபீனையும் டெஸ்டோஸ்டீரோனையும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மூலக்கூறு எடை 194, மற்றது 288. 1992-ல் பாட்ஸ் (Potts), கை (Guy) என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சமன்பாட்டில் போட்டால், தோலில் டெஸ்டோஸ்டீரோனின் ஊடுருவு கெழு, அதாவது தோலைக் கடக்கும் வேகத்தின் அளவு, கஃபீனைவிடச் சுமார் 70 மடங்கு வருகிறது. செல்லுலோஸ் ஓட்டைக்கு இரண்டும் சிறிய மூலக்கூறுகள்தாம், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் விட்டுவிடும். 70 மடங்கு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாத சவ்வு தோலைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்?

சிலிக்கோன் சவ்வு ஒரு படி மேல். ஓட்டை இல்லாதது, மருந்து அதற்குள் கரைந்துதான் கடக்க வேண்டும். ஆனால் எண்ணெய்களைக் குடித்து உப்பும். ஐசோபுரோபைல் மிரிஸ்டேட் என்ற எண்ணெய்ப்பொருள் சேர்த்த ஜெல்லில் வேகம் கூடினால், அது சிலிக்கோன் உப்பியதால் கூடியிருக்கலாம். 'ஊடுருவலைத் தூண்டியது' என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ராட்-எம் என்ற, கொழுப்பு ஊட்டிய செயற்கைச் சவ்வு தோலுக்கு இன்னும் அருகில் வருகிறது. பாலிஈதர்சல்போன் அடுக்குகள், அடியில் பாலியோலிஃபின், எல்லாவற்றிலும் செயற்கைக் கொழுப்புக் கலவை. ஊறவைக்க வேண்டியதில்லை, பளபளப்பான பக்கம் மேலே வரவேண்டும். தடிமன் சுமார் 300 மைக்ரான் என்பதை மறக்கக் கூடாது. தாமத நேரம், அதாவது மருந்து சவ்வைக் கடந்து சீராக வரத் தொடங்குவதற்கான காத்திருப்பு, தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். தடிமன் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு. சவ்வில் கண்ட தாமத நேரத்தை அப்படியே தோலுக்குச் சொல்ல வழியே இல்லை.

சோதனையை ஓட்டும்போது நம் பக்கத்தில் முதலில் கெடுவது வெப்பநிலை. ஃபிரான்ஸ் செல்லில் (மேலே மருந்து, நடுவே சவ்வு, கீழறையில் திரவம், சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறை கொண்ட கண்ணாடிக் கருவி) சவ்வின் மேற்பரப்பு 32 டிகிரியில், ஒரு டிகிரி கூடக்குறைய, நிற்க வேண்டும். உறைக்குள் 37 டிகிரி தண்ணீர் ஓடினால் மேற்பரப்பு 32 வரும் என்பது குளிர்ந்த அறைக்குப் பொருந்தும் கணக்கு. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத லேபில் காற்றே 36, 37 என்று இருக்கும். சர்க்குலேட்டர் தண்ணீரைச் சூடாக்கும், குளிர வைக்காது. ஏசியோ சில்லரோ இல்லாமல் கோடையில் ஓட்டிய எண்ணை, மார்கழியில் ஓட்டிய எண்ணோடு ஒப்பிட முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பையும் அளந்து எழுதி வையுங்கள். 24 மணி நேரச் சோதனையில் கரன்ட் போனால் கிளறலும் சூடும் சேர்ந்து நிற்கும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். உறையில் போர்வெல் தண்ணீர் விட்டால் உப்புப் படியும், காய்ச்சி வடித்த நீரே விடுங்கள்.

அடுத்தது குமிழி. கீழறைத் திரவத்தைக் காற்று நீக்காமல் ஊற்றினால், சூடேறும்போது சவ்வின் அடியில் குமிழி சேரும். பரப்பு குறையும், எண்ணும் குறையும், காரணம் பிடிபடாது. நிரப்பியதும் செல்லைச் சாய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு மாதிரி எடுத்த பிறகும் பாருங்கள்.

நீரில் கரையாத மருந்துக்கு கீழறையில் வெறும் பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) போதாது. கீழறையில் மருந்தின் செறிவு அதன் கரைதிறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் மருந்து வருவது மந்தப்படும், பழி ஜெல்லின் மேல் விழும். எத்தனால் சேர்க்கலாம், ஆனால் அது சவ்வைத் தாக்குகிறதா என்று மருந்தில்லாத ஓட்டத்தில் பாருங்கள். சவ்வே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. மருந்துக் கரைசலில் சவ்வைச் சோதனை நேரம் முழுதும் போட்டு வைத்து, கரைசலில் 95 சதவீதமாவது மிஞ்சுகிறதா என்று முன்கூட்டியே அளந்துவிடலாம்.

5 மி.லி. செல்லில் ஒவ்வொரு முறையும் 0.5 மி.லி. எடுத்துப் புது பஃபர் ஊற்றினால், கீழே சேர்ந்த மருந்தில் பத்து சதவீதம் வெளியே போகிறது. எடுத்ததையெல்லாம் கூட்டிச் சேர்க்காவிட்டால் நேர்கோடாக ஏற வேண்டிய வரைபடம் பின்பாதியில் வளையும். 'மருந்து தீர்ந்துவிட்டது' என்று விளக்கம் எழுதப்படும் வளைவுகளில் சில இந்தக் கணக்குப் பிழைதான்.

செயற்கைச் சவ்வு தன் முழு வலிமையைக் காட்டும் இடம் தரக் கட்டுப்பாடு. ஒரே களிம்பின் பழைய தயாரிப்பும் புதிய தயாரிப்பும் ஒன்றா என்று கேளுங்கள், தெளிவாகப் பதில் சொல்லும். 1997-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கொடுத்த வழிகாட்டுதலில் ஆறு செல் புதியது, ஆறு செல் பழையது. மருந்து வெளியேறிய அளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து சாய்வு எடுக்க வேண்டும். ஒவ்வொரு புதிய செல்லின் சாய்வையும் ஒவ்வொரு பழைய செல்லின் சாய்வால் வகுத்தால் வரும் 36 விகிதங்களை வரிசைப்படுத்தினால் 8-வதும் 29-வதும் 75-க்கும் 133.33 சதவீதத்துக்கும் நடுவே விழ வேண்டும். இதற்கு எளிய செல்லுலோஸ் சவ்வே போதும், விலையும் கட்டுப்படியாகும். தைலம் தயாரிக்கிற சிறு யூனிட்டுகள் இதைச் செய்யத் தொடங்கினாலே பெரிய முன்னேற்றம்.

ஆனால் உடலில் எவ்வளவு சேரும் என்று அதே சவ்வைக் கேட்காதீர்கள். செல்லின் 1.77 சதுர செ.மீ. வாயில் 300 மி.கி. களிம்பை அப்பினால் சதுர செ.மீ.க்கு 170 மி.கி.; கையில் தேய்க்கிறவர் பூசுவது சில மி.கி. மட்டுமே. தைலத்தின் மெத்தில் சாலிசிலேட்டைத் தோலின் நொதிகள் சாலிசிலிக் அமிலமாக உடைக்கும், சவ்வில் நொதியே இல்லை. உடம்பிலும் இடத்துக்கு இடம் மாறும்: 1967-ல் ஃபெல்ட்மன், மேபாக் என்ற ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தை அளந்தபோது, முன்கையில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டால் நெற்றியில் ஆறு பங்கு.

ஆகவே பத்து ஃபார்முலாவைச் சிலிக்கோனிலோ ஸ்ட்ராட்-எம்மிலோ ஓட்டி வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் இரண்டை மட்டும் மனிதத் தோலுக்கோ பன்றிக் காதுத் தோலுக்கோ கொண்டு போங்கள். கறிக்கடையில் காது கேட்கும்போது, வெந்நீர் ஊற்றாத, தீயில் வாட்டாத காதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மயிர் நீக்கச் சுட்ட காதில் நமக்கு வேண்டிய மேல்படலம் அழிந்துபோயிருக்கும். கிடைத்த தோலின் படலம் சிதையாமல் இருக்கிறதா என்று அதன் மின்தடையை அளந்து, தேறாத துண்டுகளைக் கழித்த பிறகே மருந்தை வையுங்கள்.