லைசென்ஸ் வாங்கினால் கையோடு காரா?

பையனுக்கு லைசென்ஸ் வந்த கையோடு வாசலில் புதுக் கார். வீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இது அவனுக்கே அவனுக்கு. கேட்டால், "அவன் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் வச்சிருக்காங்க சார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

நேற்று அந்தக் கார் ரிவர்ஸில் வந்து என் ஸ்கூட்டரைச் சாய்த்தது. என் வீட்டு மதிலை ஒட்டி, ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டி. சத்தம் கேட்டு ஓடினேன். காருக்குள் பாட்டு அலறுகிறது, பின் சீட்டில் மூன்று பையன்கள். இவன் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி, "சாரி அங்கிள், தெரியல" என்றான். இறங்கவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை.

பையனின் அப்பா வந்தார். நேராகத் தன் காரின் பம்பருக்குப் போய்க் குனிந்தார். கோடு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். பக்கத்திலேயே என் வண்டி கிடக்கிறது, பெட்ரோல் சொட்டுகிறது, கண்ணாடி தெறித்துக் கிடக்கிறது. அதில் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. அப்புறம் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "இங்கேயா சார் நிறுத்துவீங்க?"

என் வீட்டு வாசலில் நிறுத்தாமல் வேறு எங்கே ஐயா நிறுத்துவது? அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால், அப்போதும் பம்பரைத்தான் தேய்ப்பீர்களா?

"லைசென்ஸ் வாங்கிட்டானே" என்று வாதம் வேறு. வண்டியை நகர்த்தத் தெரியும் என்பதற்குத்தான் லைசென்ஸ். கூட்டாளிகள் பின்னால் இருந்து ஏற்றிவிடும்போது காலை பிரேக்கில் வைக்கிற நிதானத்தை எந்த அலுவலகமும் அச்சடித்துக் கொடுப்பதில்லை. இளவயது ஓட்டுநருடன் அதே வயதுக்காரர்கள் ஏற ஏற விபத்து ஆபத்து கூடும் என்பது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் வந்த சங்கதி. நியூசிலாந்து 1987-லேயே புது ஓட்டுநர்களுக்கு இரவு ஓட்டத்துக்கும் கூட ஆள் ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு போட்டது சும்மாவா? அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக் காரைப் பகிர்ந்து ஓட்டியவர்களைவிடத் தனக்கென்று கார் வைத்திருந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் விபத்தில் சிக்கியிருந்தார்கள்.

காரணம் புரியாதா என்ன? வீட்டுக் கார் என்றால் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறாய், யார் கூட, எப்போது வருவாய் என்று நாலு கேள்வி வரும். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லவும் ஒரு வழி இருக்கும். தனிக் கார் வாங்கிக் கொடுத்த அன்றே அந்தக் கேள்வியெல்லாம் செத்துப்போச்சு. பிள்ளை மேல் இருக்கிற பாசத்தை வேறு எதிலாவது காட்டித் தொலையுங்கள். கார் வேண்டுமென்றால் சம்பாதித்து வாங்கட்டும். அதுவரை உங்கள் காரை ஓட்டட்டும், பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள்.

என் வண்டிக்கு ஆன செலவைப் பற்றி இந்த நிமிடம் வரை அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. "பையன் பயந்துட்டான், சத்தம் போடாதீங்க" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார். பயந்தவன் நேற்று ராத்திரியே ஊர் சுற்றிவிட்டு வந்து, கேட்டைத் திறக்கச் சொல்லி விடாமல் ஹாரன் அடிக்கிறான். இறங்கி நாலடி நடந்து தாழ்ப்பாளை நீக்கினால் கால் தேய்ந்தா போகும்? தெருவில் ஒருத்தர் தூங்க வேண்டாமா?